வாடகைக்கு விட வீடு வாங்கலாமா? சென்னை வட்டாரத்தில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கையில் கொஞ்சம் சேமிப்பு, மீதிக்கு வங்கிக் கடன் என்று வைத்துக்கொண்டு, சென்னையிலோ தாம்பரம், ஆவடி பக்கமோ ஒரு வீடு வாங்கி வாடகைக்கு விடலாமா என்று கேட்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். இங்கே சொல்லியிருக்கும் சட்டமும் கட்டணங்களும் தமிழ்நாட்டுக்கும் இந்திய வருமான வரிக்கும் உரியவை. ஒரு குடும்பம் தொந்தரவில்லாமல் நான்கைந்து வருடம் குடியிருக்கிற வீடுதான் ஓனருக்கும் காசு தரும் என்பது என் உறுதியான கருத்து. பதில்கள் எல்லாவற்றிலும் அந்தக் கருத்து இருக்கும்.

வாடகை வருமானம் இ.எம்.ஐ.க்குப் போதுமா?

போதாது. முதலில் இதை ஏற்றுக்கொண்டு மேலே போகலாம்.

மேடவாக்கம் மாதிரி ஓர் இடத்தில் 70 லட்சம் ரூபாய்க்கு ஒரு பழைய இரண்டு படுக்கையறை ஃப்ளாட் வாங்குவதாக வைத்துக்கொள்ளுங்கள். வாடகை மாதம் 20,000. வருடத்துக்கு 2,40,000, அதாவது விலையில் 3.4 சதவீதம். தரகர்கள் சொல்லும் கணக்கு இதோடு முடிந்துவிடும்.

ஆனால் வீடு 70 லட்சத்தில் முடிவதில்லை. முத்திரைத் தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம், ஆக 6,30,000 ரூபாய். தரகு, வக்கீல் கட்டணம், குடிவைப்பதற்கு முன் பெயின்ட், சில்லறை ரிப்பேர் எல்லாம் சேர்த்தால் மொத்தச் செலவு 78 லட்சத்தைத் தொடும். வருமானத்திலோ, ஆள் மாறும்போது ஒரு மாதம் காலியாகக் கிடக்கும், சொத்து வரி உண்டு, மோட்டாரோ குழாயோ எதாவது ஒன்று வருடா வருடம் செலவு வைக்கும். மிஞ்சுவது ஏறக்குறைய 2 லட்சம். 78 லட்சத்துக்கு 2 லட்சம் என்றால் 2.6 சதவீதம்கூட முழுசாக இல்லை.

50 லட்சம் கடன், 20 வருடம், 8.5 சதவீத வட்டி என்றால் இ.எம்.ஐ. 43,391 ரூபாய். வாடகை 20,000 போக மாதாமாதம் 23,000-க்கு மேல் சம்பளத்திலிருந்து போட வேண்டும். ஒரு மாதம் வீடு காலியாக இருந்தால் முழுத் தொகையும் உங்கள் தலையில். இந்தக் கணக்கை வாய்க்கணக்காகப் போடாமல், உங்கள் எண்களை வைத்து ஒரு தாளில் எழுதிப் பாருங்கள்.

அப்படியென்றால் ஏன் வாங்க வேண்டும்?

எல்லோரும் வாங்க வேண்டியதில்லை. மாதம் 23,000 போட்டபின்னும் வீட்டுச் செலவுக்குச் சிரமம் இல்லாதவர்கள், பத்து பன்னிரண்டு வருடம் விற்காமல் வைத்திருக்க முடிந்தவர்கள், ஓய்வுக்குப் பிறகு நிலையாக ஒரு வாடகை வர வேண்டும் என்று நினைப்பவர்கள் வாங்கலாம். இ.எம்.ஐ. வாடகை மாதிரி வருடா வருடம் ஏறாது, வாடகை ஏறும், கடன் ஒருநாள் முடியும். அதில் அர்த்தம் இருக்கிறது. மூன்று வருடத்தில் விலை ஏறியதும் விற்றுவிடலாம் என்று கடன் வாங்கி இறங்குவதை மட்டும் நான் யாருக்கும் சொல்ல மாட்டேன். பதிவுச் செலவை மீட்கவே விலை 9 சதவீதம் ஏற வேண்டும்.

வங்கி எவ்வளவு கடன் தரும்?

ரிசர்வ் வங்கி விதிப்படி 30 லட்சம் வரையிலான கடனுக்கு வீட்டு மதிப்பில் 90 சதவீதம் வரை, 30 முதல் 75 லட்சம் வரை 80 சதவீதம், அதற்கு மேல் 75 சதவீதம். இதில் பதிவுச் செலவு சேராது (10 லட்சத்துக்குள் உள்ள வீடுகளைத் தவிர). அந்த ஆறேழு லட்சம் உங்கள் கையில் ரொக்கமாக இருக்க வேண்டும். பலர் இந்த இடத்தில்தான் தனிநபர் கடன் எடுத்து மாட்டிக்கொள்கிறார்கள். மாறும் வட்டியில் தனிநபர் பெயரில் எடுத்த வீட்டுக் கடனை முன்கூட்டியே அடைத்தால் அபராதம் கிடையாது. போனஸ் வரும்போதெல்லாம் அசலில் போடுங்கள்.

ஃப்ளாட்டா, தனி வீடா?

வாடகைக்கு என்றால் ஃப்ளாட் சீக்கிரம் போகும். வாட்ச்மேன், லிஃப்ட், பார்க்கிங் எல்லாம் கேட்டுத்தான் வருகிறார்கள். தனி வீட்டில் நிலம் உங்களுடையது, மாடியில் இன்னொரு போர்ஷன் எடுக்கலாம், வருமானம் இரண்டாகும். ஆனால் ரிப்பேர் முழுக்க உங்கள் பொறுப்பு.

ஃப்ளாட்டில் நீங்கள் உண்மையில் சொந்தமாக்கிக்கொள்வது யூ.டி.எஸ். என்று சொல்லும் பிரிக்கப்படாத மனைப் பாகம். கட்டடத்துக்கு வயதாக ஆக மதிப்பு குறையும், நிலத்தின் பங்குதான் நிற்கும். 1,000 சதுர அடி ஃப்ளாட்டுக்கு 500 சதுர அடி யூ.டி.எஸ். உள்ள பழைய மூன்று மாடிக் கட்டடத்தையும், 250 சதுர அடி மட்டுமே உள்ள உயரமான அடுக்ககத்தையும் ஒரே விலைக்கு ஒப்பிட வேண்டாம்.

பழைய ஃப்ளாட் வாங்குவோருக்கு ஒரு நல்ல செய்தி. 1994-ஆம் ஆண்டின் அடுக்குமாடிக் குடியிருப்பு உரிமைச் சட்டத்துக்குப் பதிலாக 2022-இல் இயற்றிய புதிய சட்டம் 2024-இல் நடைமுறைக்கு வந்தது. அதன்படி கட்டடத்தை இடித்துக் கட்ட மூன்றில் இரண்டு பங்கு உரிமையாளர்கள் சம்மதித்தால் போதும். முன்பெல்லாம் ஒருவர் மறுத்தாலே வருடக்கணக்கில் இழுக்கும். அடையாறு, அண்ணா நகர், மேற்கு மாம்பலம் பக்கம் உள்ள பழைய ஃப்ளாட்களில் யூ.டி.எஸ். எவ்வளவு என்று முதலில் கேட்பது இதனால்தான்.

கட்டி முடிக்காத ஃப்ளாட் விலை குறைவாக இருக்கிறதே?

விலை குறைவாகத் தெரியும். கட்டுமானத்தில் இருக்கும் ஃப்ளாட்டுக்கு 5 சதவீதம் ஜி.எஸ்.டி. உண்டு (45 லட்சத்துக்குள், பெருநகரத்தில் 60 சதுர மீட்டர் கார்பெட் பரப்புக்குள் இருந்தால் 1 சதவீதம்). பணிநிறைவுச் சான்று வந்தபின் விற்கும் வீட்டுக்கு ஜி.எஸ்.டி. இல்லை. அதோடு சாவி கைக்கு வரும்வரை வாடகை வராது, வங்கி வட்டி மட்டும் ஓடும்.

மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். 2023 டிசம்பர் முதல் புது ஃப்ளாட்களை மனைப் பாகம், கட்டடம் இரண்டையும் சேர்த்த கூட்டு மதிப்பில் பதிகிறார்கள். முதல் விற்பனைக்கு 50 லட்சம் வரை முத்திரைத் தீர்வை 4 சதவீதம், 50 லட்சம் முதல் 3 கோடி வரை 5 சதவீதம், கூடவே பதிவுக் கட்டணம் 2 சதவீதம். மறுவிற்பனை வீட்டுக்கு உள்ள 9 சதவீதத்தைவிட இது குறைவு.

500 சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனையிலோ எட்டு வீடுகளுக்கு மேலோ கட்டும் திட்டம் என்றால் ரெரா (ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டம்) பதிவு கட்டாயம். ஒப்படைத்த நாளிலிருந்து 5 வருடத்துக்குள் கட்டமைப்பில் குறை தெரிந்தால் பில்டர் தன் செலவில் சரிசெய்ய வேண்டும் என்பதும் அந்தச் சட்டத்தில் இருக்கிறது. பதிவு எண்ணை வாங்கி ரெரா இணையதளத்தில் நீங்களே போட்டுப் பாருங்கள். வாடகை வருமானம்தான் நோக்கம் என்றால், என் ஓட்டு கட்டி முடித்த வீட்டுக்கே.

எந்த ஏரியாவில் வாங்கலாம்?

ஏரியா பெயரைக் கேட்டு முடிவு செய்ய வேண்டாம். இந்த வீட்டுக்கு யார் குடிவருவார்கள் என்று யோசியுங்கள். பழைய மகாபலிபுரம் சாலையில் ஐ.டி. ஊழியர்கள், அம்பத்தூர், ஸ்ரீபெரும்புதூர் பக்கம் தொழிற்சாலை ஊழியர்கள், போரூரில் மருத்துவமனை ஆட்கள், குரோம்பேட்டை, தாம்பரத்தில் மின்சார ரயிலை நம்பும் குடும்பங்கள். அவர்கள் சம்பளத்தில் என்ன வாடகை தர முடியுமோ அதுதான் உங்கள் வாடகை.

மெட்ரோ வரப்போகிறது என்று சொல்லித்தான் இன்று எல்லா மனையும் விற்கிறார்கள். இரண்டாம் கட்டம் மூன்று வழித்தடங்களில் ஏறக்குறைய 118 கிலோமீட்டருக்கு வருகிறது, உண்மைதான். ஆனால் நிலையத்திலிருந்து வீட்டுக்கு நடந்து பாருங்கள். பத்து நிமிடத்துக்குள் வந்தால் வாடகையில் வித்தியாசம் தெரியும். ஷேர் ஆட்டோ பிடித்துத்தான் போக வேண்டும் என்றால் மெட்ரோவுக்காக அதிக விலை தராதீர்கள்.

மழையில் தண்ணீர் நிற்குமா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

விற்பவரிடம் கேட்டுப் பயனில்லை. தெரு முனையில் இஸ்திரி போடுபவர், பால் போடுபவர், எதிர்வீட்டுப் பெரியவர் ஆகியோரிடம் 2015 டிசம்பரிலும் 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலிலும் எதுவரை தண்ணீர் வந்தது என்று கேளுங்கள். கையைக் காட்டி "இதுவரைக்கும்" என்று சொல்வார்கள். அந்த உயரத்தைக் கண்ணால் பார்த்துக்கொள்ளுங்கள்.

காம்பவுண்டு சுவரின் உட்பக்கம் பாருங்கள். தண்ணீர் நின்ற இடத்தில் ஒரே மட்டத்தில் பழுப்புக் கோடு தெரியும். புதிதாகப் பெயின்ட் அடித்திருந்தால் மீட்டர் பெட்டியின் உள்ளே, மோட்டார் அறையில், மாடிப்படிக்கு அடியில் பாருங்கள், அங்கே யாரும் பெயின்ட் அடிப்பதில்லை. மின்மீட்டர்களைப் பலகையோடு கழுத்துயரத்துக்கு ஏற்றி வைத்திருந்தால் அந்தக் கட்டடம் ஏற்கெனவே நனைந்திருக்கலாம். வீட்டு வாசலைவிடச் சாலை மேடாகிவிட்டதா என்பதையும் கவனியுங்கள். ரோடு போடும்போதெல்லாம் மேலேயே போட்டு மேடாக்கியதில் பல பழைய வீடுகள் பள்ளத்தில் போய்விட்டன.

பள்ளிக்கரணை சதுப்பு நிலம் 2022-இல், உலக அளவில் முக்கியமான சதுப்பு நிலங்களின் ராம்சார் பட்டியலில் சேர்ந்தது. அதைச் சுற்றி மனையோ ஃப்ளாட்டோ பார்ப்பவர்கள் சர்வே எண்ணை வைத்து சி.எம்.டி.ஏ.வில் (சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமம்) நில வகைப்பாடு கேட்காமல் ஒரு ரூபாய்கூட அட்வான்ஸ் தரக்கூடாது. ஏரிகளை ஒட்டிய எந்த இடத்துக்கும் இதே எச்சரிக்கைதான்.

குடிதண்ணீரை எப்படிச் சோதிப்பது?

மே மாதம் போய்ப் பாருங்கள். மே மாதம் வரை காத்திருக்க முடியாவிட்டால், கோடையில் லாரித் தண்ணீருக்கு அசோசியேஷன் எவ்வளவு செலவழித்தது என்று கணக்கைக் கேளுங்கள். மெட்ரோ வாட்டர் இணைப்பு இருக்கிறதா, சம்ப்பில் தினமும் விழுகிறதா, போர் எத்தனை அடி என்பதையும் சேர்த்துக் கேளுங்கள்.

குளியலறைக் குழாய்களில் வெள்ளையாகக் கட்டிப்போய் இருந்தால் உப்புத் தண்ணீர். கையில் சோப்பு போட்டு நுரை வருகிறதா என்றும் பார்த்துவிடலாம். உப்புத் தண்ணீர் உள்ள வீட்டில் கீசரும் வாஷிங் மெஷினும் சீக்கிரம் போகும், குடியிருப்பவர்களும் சீக்கிரம் போய்விடுவார்கள்.

எந்தெந்தப் பத்திரங்களைப் பார்க்க வேண்டும்?

தாய்ப்பத்திரத்திலிருந்து இன்றைய உரிமையாளர் வரை சங்கிலி அறுபடாமல் வர வேண்டும். பட்டா (சென்னை நகருக்குள் நகர நில அளவைப் பதிவேடு), குறைந்தது 30 வருட வில்லங்கச் சான்று, கட்டட வரைபட அனுமதி, பணிநிறைவுச் சான்று, சொத்து வரி, மின் இணைப்பு ரசீதுகள். வில்லங்கத்தைப் பதிவுத்துறை இணையதளத்திலும், பட்டாவை "எங்கிருந்தும் எந்நேரமும்" தளத்திலும் நீங்களே பார்க்கலாம்.

வில்லங்கச் சான்றில் பதிவான ஆவணங்கள் மட்டுமே வரும். நீதிமன்றத்தில் நடக்கும் வழக்கு அதில் தெரியவேண்டியதில்லை, பதிவு செய்யாமல் பத்திரத்தை அடகு வைத்து வாங்கிய கடனும் தெரியாது. அதனால்தான் அசல் பத்திரத்தைக் கையில் எடுத்துப் பார்க்க வேண்டும். "ஜெராக்ஸ் இருக்கு, அசல் ஊரில் இருக்கு" என்றால், அசல் ஊரிலிருந்து வரட்டும், அப்புறம் பேசலாம்.

அப்பா வழிச் சொத்து என்றால் வாரிசுச் சான்றை வாங்கி, மகள்கள் எல்லோரும் கையெழுத்துப் போடுகிறார்களா என்று பாருங்கள். தமிழ்நாட்டில் 1989 முதலே இந்துக் குடும்பங்களின் பூர்வீகச் சொத்தில், அதற்கு முன் கல்யாணமாகாத மகளுக்குப் பங்கு உண்டு, 2005-இல் நாடு முழுக்க எல்லா மகள்களுக்கும் அது சட்டமானது. கல்யாணமாகிப் போன பெண்ணுக்கு என்ன பங்கு என்று கேட்கும் குடும்பத்திடம் வாங்கினால், அந்தப் பெண் கேட்கும் நாளில் பதில் சொல்ல வேண்டியது நீங்கள்தான். அது அவருடைய உரிமை, அதைத் தாண்டி வாங்கக்கூடாது என்பதுதான் சரி.

மனையாக வாங்குகிறீர்கள் என்றால் சி.எம்.டி.ஏ. அல்லது டி.டி.சி.பி. (நகர் ஊரமைப்பு இயக்ககம்) ஒப்புதல் இருக்க வேண்டும். வெறும் பஞ்சாயத்து அப்ரூவல் போதாது. 2016 அக்டோபர் 20-க்கு முன் போட்ட அனுமதியில்லா மனைகளுக்கு வரன்முறைத் திட்டம் வந்தது. அப்படி வரன்முறை ஆகியிருந்தால் அந்த ஆணையைக் கேளுங்கள்.

வங்கி கடன் தருகிறது என்றால் பத்திரம் சுத்தம் என்று பலர் நம்புகிறார்கள். வங்கியின் வக்கீல் பார்ப்பது வங்கியின் பணத்துக்கு. உங்களுக்கென்று ஒரு வக்கீலை வைத்து எழுத்தில் கருத்து வாங்குங்கள். 70 லட்சம் ரூபாய் வீட்டில் அந்தக் கட்டணம் பெரிதே இல்லை.

பவர் ஏஜென்ட் விற்கிறார். வாங்கலாமா?

பவர் பத்திரம் மட்டும் வைத்து நடக்கும் விற்பனை உரிமை தராது என்று உச்ச நீதிமன்றம் 2011-இலேயே தெளிவாகச் சொல்லிவிட்டது. பவர் கொடுத்தவர் சார்பில் முறையான கிரயப் பத்திரம் பதிந்து தந்தால் செல்லும். அதற்கு அவர் உயிரோடு இருக்க வேண்டும், பவரை ரத்து செய்யாமல் இருக்க வேண்டும். பதிவின்போது 30 நாட்களுக்குள் பெற்ற உயிர்வாழ் சான்று கேட்பார்கள். அது இருந்தாலும், பவர் கொடுத்தவரிடம் நேரிலோ வீடியோ அழைப்பிலோ ஒரு முறை பேசிவிடுங்கள்.

விலையைப் பத்திரத்தில் குறைத்துக் காட்டி மீதியை ரொக்கமாகக் கேட்கிறார்களே?

வேண்டாம். அசையாச் சொத்து விற்பனைக்கு விற்பவர் 20,000 ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாகப் பெற்றால் அவருக்கு அதே அளவு அபராதம் வரக்கூடும். உங்களுக்கும் நஷ்டம்தான். நாளைக்கு நீங்கள் விற்கும்போது வாங்கிய விலை குறைவாகத் தெரியும், லாபம் அதிகமாகக் கணக்காகும், வரி நீங்கள் கட்டுவீர்கள்.

விலை 50 லட்சமோ அதற்கு மேலோ என்றால் விற்பவருக்குத் தரும் பணத்தில் 1 சதவீதம் பிடித்து வருமான வரித்துறைக்குக் கட்டுவது வாங்குபவரின் வேலை. விற்பவர் வெளிநாடுவாழ் இந்தியர் என்றால் இந்த 50 லட்சம் வரம்பே கிடையாது, விகிதமும் அதிகம். ஆடிட்டரைக் கேட்காமல் பணம் அனுப்பிவிடாதீர்கள்.

அட்வான்ஸ் பத்து மாத வாடகை வாங்கலாமா?

சென்னையில் அப்படி ஒரு பழக்கம் நெடுநாளாக இருக்கிறது. 2019 பிப்ரவரி முதல் நடைமுறையில் உள்ள தமிழ்நாடு வாடகைச் சட்டம், வேறு உடன்பாடு இல்லாவிட்டால் மூன்று மாத வாடகைக்கு மேல் அட்வான்ஸ் கூடாது என்கிறது. ஒப்பந்தத்தில் கூடுதலாகப் போட வழி இருக்கிறது என்றாலும் நான் மூன்று, மிஞ்சினால் நான்கு மாதத்தோடு நிற்கச் சொல்வேன். இரண்டு லட்சம் அட்வான்ஸ் கேட்டால் நல்ல குடும்பங்கள் பாதி அங்கேயே திரும்பிவிடும். வாங்கிய அட்வான்ஸைச் செலவழித்துவிட்டு, காலி செய்யும் நாளில் "புது ஆள் வந்ததும் தர்றேன்" என்று சொல்லும் ஓனர்கள் அநேகம். அட்வான்ஸ் உங்கள் பணமில்லை. தனியாக ஒரு வைப்பில் போட்டு வையுங்கள்.

காலி செய்யும்போது பெயின்டிங் என்று ஒரு மாத வாடகையைப் பிடிப்பதும் பழக்கம். பிடிப்பதாக இருந்தால் ஒப்பந்தத்திலேயே எழுதிவிடுங்கள். நான்கு வருடம் ஒழுங்காக இருந்தவரிடம் சுவர் அழுக்கைக் காட்டிப் பணம் பிடிப்பது எனக்கு நியாயமாகப் படவில்லை.

11 மாத ஒப்பந்தம் போட்டால் போதுமா?

ஒரு வருடத்துக்கு மேற்பட்ட குத்தகையைச் சார்பதிவாளரிடம் பதிய வேண்டும் என்பதால் 11 மாத வழக்கம் வந்தது. புதிய சட்டத்தில் காலம் எவ்வளவாக இருந்தாலும் ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும், வாடகை அதிகாரியிடம் பதிவு செய்ய வேண்டும். இதற்கென்று அரசு இணையதளமே இருக்கிறது. பலர் முத்திரைத்தாளில் கையெழுத்து வாங்கியதோடு விட்டுவிடுகிறார்கள். தகராறு வரும் நாளில்தான் பதிவின் அருமை தெரியும்.

ஒப்பந்தத்தில் வாடகைத் தேதி, வருட உயர்வு (பெரும்பாலும் 5 சதவீதம்), மெயின்டனன்ஸ் யார் கட்டுவது, காலி செய்ய எத்தனை மாத நோட்டீஸ், எது யார் ரிப்பேர் என்பதெல்லாம் இருக்கட்டும். குடிவரும் நாளில் ஒவ்வோர் அறையையும் வீடியோ எடுத்து இருவரும் வைத்துக்கொள்ளுங்கள். ஃபேன், கீசர், சாவிகள் எத்தனை, மீட்டர் ரீடிங் என்ன என்று ஒரு பக்கத்தில் எழுதிக் கையெழுத்திட்டுக்கொள்ளுங்கள்.

லீஸுக்கு விடலாமா?

மொத்தமாக 8 அல்லது 10 லட்சம் வாங்கிக்கொண்டு மூன்று வருடம் வாடகையில்லாமல் குடிவைப்பது, காலி செய்யும்போது முழுத் தொகையைத் திருப்பித் தருவது. போக்கியம், ஒத்தி என்றும் சொல்வார்கள். அதிக வட்டிக் கடனை அடைக்க அந்தப் பணம் உதவும் என்றால் யோசிக்கலாம். ஆனால் அது கடன், வருமானம் கிடையாது. மூன்று வருடம் கழித்து 10 லட்சம் எங்கிருந்து வரும் என்பதற்குப் பதில் இல்லாமல் இறங்கக்கூடாது. பெரும்பாலான ஓனர்கள் அடுத்த லீஸ்காரரிடம் வாங்கித்தான் பழையவருக்குத் தருகிறார்கள். நடுவில் ஆள் கிடைக்காவிட்டால் ஒரு குடும்பத்தின் வாழ்நாள் சேமிப்பு சிக்கிக்கொள்ளும். வாடகை வாங்காததால் வரியும் இல்லை என்றும் நினைக்க வேண்டாம். அந்த வீட்டுக்கு நியாயமாகக் கிடைக்கக்கூடிய வாடகையை வைத்தே வருமான வரிக் கணக்கு போட முடியும்.

யாருக்கு விடுவது? பேச்சிலர்களுக்கு விடலாமா?

வாடகை ஒழுங்காகத் தருவாரா, வீட்டைப் பார்த்துக்கொள்வாரா. கேட்க வேண்டியவை இந்த இரண்டும்தான். வேலை அடையாள அட்டை, மூன்று மாதச் சம்பளச் சீட்டு, ஆதார், முடிந்தால் முந்தைய ஓனரிடம் ஒரு ஃபோன். உள்ளூர்க் காவல் நிலையத்தில் குடியிருப்பவர் விவரத்தைக் கொடுத்துவிடுங்கள்.

சாதி, மதம், சாப்பாடு கேட்டு ஆட்களைத் திருப்பி அனுப்புவது இந்த ஊரில் இன்னும் நடக்கிறது. நல்ல வேலையில் இருக்கும் ஒரு பெண் தனியாக வீடு தேடி அலைந்து களைத்துப்போவதைப் பார்த்தவர்களுக்கு அதன் வலி தெரியும். அது தவறு. வீடு இரண்டு மாதம் காலியாகக் கிடந்தால் பணமும் போகிறது. வேலைக்குப் போகும் இளைஞர்கள் மூன்று பேர் சேர்ந்து எடுக்கிறார்கள் என்றால், மூவர் பெயரையும் ஒப்பந்தத்தில் போட்டு, வாடகையை ஒருவர் கணக்கிலிருந்து வரச் சொல்லுங்கள். தொந்தரவு இருக்காது.

வாடகை தரவில்லை, காலியும் செய்ய மாட்டேன் என்கிறார். தண்ணீரை நிறுத்தலாமா?

கூடாது. தண்ணீர், மின்சாரம் போன்ற அவசியத் தேவைகளை நிறுத்துவதைச் சட்டம் தடுக்கிறது, அது உங்களுக்கு எதிராகவே திரும்பும். பூட்டு மாற்றுவது, சாமானை வெளியே வைப்பது எல்லாமும் அப்படித்தான். இரண்டு மாத வாடகை பாக்கி என்றால் நோட்டீஸ் அனுப்பி வாடகை நீதிமன்றத்துக்குப் போகலாம். எழுத்தில் பதிவான ஒப்பந்தமும், வங்கி வழியாக வந்த வாடகைக்கான வரவும் இருந்தால் வழக்கு நேராகப் போகும். முதல் மாதம் தவறும்போதே நேரில் போய்ப் பேசுங்கள். வேலை போயிருக்கலாம், மருத்துவச் செலவு வந்திருக்கலாம். அட்வான்ஸில் கழித்துக்கொண்டு சுமுகமாகக் காலி செய்ய ஒப்புக்கொள்கிறவர்களே அதிகம்.

நடுவில் வீட்டைப் பார்க்கப் போக வேண்டும் என்றாலும் 24 மணி நேரம் முன்னதாக எழுத்திலோ மின்னஞ்சல், குறுஞ்செய்தியிலோ சொல்லிவிட்டுத்தான் போக வேண்டும்.

மின்கட்டணத்துக்கு யூனிட்டுக்கு இவ்வளவு என்று நானே வசூலிக்கலாமா?

ஒவ்வொரு போர்ஷனுக்கும் தனி மின் இணைப்பு வாங்கிவிடுங்கள். இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம் என்ற சலுகை குடியிருப்பவருக்கு நேராகக் கிடைக்கும். சப்-மீட்டர் வைத்து யூனிட்டுக்கு அதிகமாக வாங்குவதுதான் ஓனர்களுக்கும் குடியிருப்பவர்களுக்கும் நடக்கும் சண்டைகளில் பாதி.

வீட்டில் எதைச் செய்தால் வாடகை கூடும்?

முதலில் ஓதம். மேலே எது செய்தாலும், சுவரில் ஓதம் அடித்தால் வீடு பார்க்க வந்தவர் வாசலிலேயே திரும்பிவிடுவார். மொட்டை மாடியில் மழைக்குப்பின் தண்ணீர் தேங்குகிறதா, தளஓடுகளின் இணைப்பு விட்டிருக்கிறதா, மழைநீர்க் குழாயின் வாய் அடைத்திருக்கிறதா என்று பாருங்கள். தளஓடு ஒவ்வொன்றையும் ஒரு நாணயத்தால் தட்டிப் பாருங்கள். வெற்றொலி வந்தால் அடியில் கலவை விட்டுவிட்டது. அதைப் பெயர்த்து, வாட்டத்தைச் சரிசெய்து, வாட்டர்ப்ரூஃப் பூச்சு கொடுத்து, வெள்ளை நிறக் குளிர் ஓடு பதித்தால் மேல்மாடி வீட்டில் வெயில் தாக்கமும் குறையும். மார்ச்சிலிருந்து ஆகஸ்டுக்குள் இந்த வேலையை முடித்துவிடுங்கள். ஐப்பசி மழையில் ஆரம்பித்தால் பணம் கரைந்துவிடும்.

குளியலறைக்குப் பின்புறச் சுவரில் பெயின்ட் உரிகிறது என்றால் மறுபடி பெயின்ட் அடிப்பது வீண். டைல்ஸ் இடுக்கு, தரையின் வடிகால் சந்து, சுவருக்குள் போகும் குழாய் மூன்றில் ஒன்றில் கசிவு இருக்கும். முதலில் டைல்ஸ் இடுக்கில் எபாக்ஸி அடைத்து ஒரு மாதம் பார்க்கலாம். நிற்கவில்லை என்றால் டைல்ஸை எடுத்துத்தான் ஆக வேண்டும். கீழ்வீட்டுக்காரரின் கூரையில் ஒழுகினால் அதற்கும் நீங்கள்தான் பொறுப்பு.

அடுத்து மின்சாரம். பழைய வீடுகளில் படுக்கையறைக்கு ஏ.சி. பாயின்ட் இருக்காது. இரண்டு அறைக்கும் தனி ஒயர் இழுத்து, ஷாக் அடித்தால் தானாகத் துண்டிக்கும் ஆர்.சி.சி.பி. ஒன்று போட்டுவிடுங்கள். சின்னக் குழந்தைகள் இருக்கும் வீட்டில் இது உயிர் சம்பந்தப்பட்டது. எர்த்திங் சரியாக இருக்கிறதா என்றும் எலக்ட்ரீஷியனை வைத்துப் பார்த்துவிடுங்கள்.

சமையலறையில் மாடுலர் கிச்சன் என்று மூன்று லட்சம் செலவழிப்பதை நான் பரிந்துரைப்பதில்லை. 20,000 ரூபாய் வாடகை வீட்டில் அதற்காக 500, 1,000 கூடும், அவ்வளவுதான். கிரானைட் மேடை, ஆழமான ஸ்டீல் சிங்க், கடப்பா அலமாரிக்கு நல்ல கதவு, எக்ஸாஸ்ட் ஃபேன், ஆர்.ஓ. மெஷினுக்கும் மிக்ஸிக்கும் பிளக், வாஷிங் மெஷினுக்குக் குழாயும் வடிகாலும் இருந்தால் போதும். எல்லா ஜன்னலுக்கும் கொசுவலை, பால்கனியில் துணி காயப்போட ஏற்றி இறக்கும் கொடி. சின்னச் செலவு, வீடு பார்க்க வரும் பெண்கள் முதலில் கவனிப்பது இவற்றைத்தான்.

மழைநீர் சேகரிப்பு 2003-லிருந்தே கட்டாயம். பல வீடுகளில் அந்தக் குழி மண் மூடிக் கிடக்கிறது. அதைத் தூர்வாருவதற்கு ஆகும் கூலி கோடையில் ஒரு லாரித் தண்ணீர் மிச்சப்படுவதில் வந்துவிடும்.

தனி வீட்டில் மாடி எடுத்து இன்னொரு போர்ஷன் கட்டலாமா?

அஸ்திவாரமும் தூண்களும் தாங்குமா என்று ஒரு கட்டுமானப் பொறியாளர் எழுதித் தந்தபின் யோசியுங்கள். சுவர் தாங்கும் பழைய கட்டடம் என்றால் பெரும்பாலும் வேண்டாம். 2024 ஜூலை முதல், 2,500 சதுர அடி வரையுள்ள மனையில் 3,500 சதுர அடி வரை, தரைத்தளம் மற்றும் முதல் மாடி கொண்ட வீடுகளுக்குச் சுயசான்று முறையில் உடனடி அனுமதி கிடைக்கிறது. அனுமதியில்லாமல் எடுத்த மாடிக்கு வங்கிக் கடனும் கிடைக்காது, விற்கும்போது விலையும் அடிபடும். புதுப் போர்ஷனுக்குப் படிக்கட்டை வெளியிலிருந்து வையுங்கள். வாடகைக்கு விட அது மிகவும் வசதி.

வாடகைக்கு வருமான வரி எப்படி?

வாடகையிலிருந்து நீங்கள் கட்டிய சொத்து வரியைக் கழித்து, மீதியில் 30 சதவீதம் ரசீது எதுவும் இல்லாமலே கழித்துக்கொள்ளலாம். அதன்பின் கடன் வட்டி. மேலே சொன்ன உதாரணத்தில் சொத்து வரி 6,000 என்றால் 2,34,000-இல் 30 சதவீதம் போக 1,63,800. முதல் வருட வட்டியே 4 லட்சத்துக்கு மேல் வரும் என்பதால் வாடகைக்கு வரி வராது. பழைய வரிமுறையில் இருப்பவர்கள் இந்த நஷ்டத்தில் 2 லட்சம் வரை சம்பளத்தில் கழிக்கலாம். புதிய வரிமுறையில் சம்பளத்தோடு கழிக்க முடியாது. "வீடு வாங்கினால் வரி மிச்சம்" என்று பழைய கணக்கில் சொல்லி விற்பவர்களிடம் இதைக் கேளுங்கள்.

மாத வாடகை 50,000-க்கு மேல் என்றால் குடியிருப்பவர் 2 சதவீதம் பிடித்தம் செய்ய வேண்டும்.

நான் துபாயில் இருக்கிறேன். அங்கிருந்தே பார்த்துக்கொள்ள முடியுமா?

முடியும். வாடகை என்.ஆர்.ஓ. கணக்குக்கு (வெளிநாடுவாழ் இந்தியர் இந்திய வருமானத்துக்காக வைக்கும் வங்கிக் கணக்கு) வர வேண்டும். குடியிருப்பவர் உங்கள் வாடகையில் 30 சதவீதமும் மேல்வரியும் பிடித்துக் கட்ட வேண்டும் என்பது பலருக்குத் தெரியாது. ரிட்டர்ன் தாக்கல் செய்து அதிகப்படியை நீங்கள் திரும்பப் பெறலாம். இங்கே ஒருவருக்குப் பவர் தருகிறீர்கள் என்றால் வாடகைக்கு விட, வாடகை வசூலிக்க, ரிப்பேர் பார்க்க மட்டும் என்று எழுதுங்கள். விற்கும் அதிகாரத்தை அதில் சேர்க்காதீர்கள், சொந்தத் தம்பியாக இருந்தாலும். இந்தியத் தூதரகத்தில் சான்றொப்பம் பெற்ற பத்திரத்துக்கு, அது இங்கே வந்த 3 மாதத்துக்குள் முத்திரைக் கட்டணம் செலுத்த வேண்டும்.

விற்கும்போது வரி எவ்வளவு?

24 மாதத்துக்கு மேல் வைத்திருந்தால் நீண்டகால மூலதன ஆதாயம். 2024 ஜூலை 23-க்கு முன் வாங்கிய வீடு என்றால், இந்தியாவில் வசிப்பவர்கள் பணவீக்கச் சரிக்கட்டலோடு 20 சதவீதம், அது இல்லாமல் 12.5 சதவீதம் இரண்டில் எது குறைவோ அதைக் கட்டலாம். அதற்குப் பின் வாங்கியதற்கு 12.5 சதவீதம் மட்டும்தான். ஆதாயத்தை இன்னொரு வீட்டில் போட்டாலோ, ஆறு மாதத்துக்குள் 50 லட்சம் வரை குறிப்பிட்ட அரசு நிறுவனக் கடன் பத்திரங்களில் போட்டாலோ விலக்கு உண்டு. வாங்கிய பத்திரம், பதிவுச் செலவு, தளம் மாற்றியது, மாடி எடுத்தது என எல்லாவற்றுக்கும் பில்லை ஒரு கோப்பில் வையுங்கள். செலவுக் கணக்கில் சேர்ப்பதற்கு அந்தத் தாள்களைத்தான் ஆடிட்டர் முதலில் கேட்பார்.